அம்மா ஒட்டகத்தில் ஏறிய பின்னேரம்

“மாமி, முல்லைத்தீவுக் கடற்கரைக்கு ரெண்டு ஒட்டகம் கொண்டுவந்து விட்டால் என்ன?” என்று அண்ணாவின் மகன் போன கிழமை கேட்டான். கட்டாரில் மூன்று வருடம் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறான். கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. திரும்பிப் போக மனமில்லை, ஊரிலேயே ஏதாவது தொடங்க வேண்டும் என்று நிற்கிறான். இந்த எண்ணம் அவனுக்கு வந்ததே எங்களுடைய படத்தைப் பார்த்துத்தான். போன வருடம் ஆடி மாதம், மேற்கு அவுஸ்திரேலியாவில் புரூம் என்ற ஊரில், நானும் அம்மாவும் ஒட்டகத்தில் ஏறியிருந்த படம். அதை இங்கே போட்டபோது ‘எங்கட கரையில் இப்படி எப்ப வரும்’ என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா பிறந்து வளர்ந்தது கள்ளப்பாட்டில். கடல் கூப்பிடு தூரம். 2004 மார்கழி 26 காலையில் அந்த வீடும் போனது, அம்மாவின் கடைசித் தம்பியும் போனார். அதற்குப் பிறகும் அம்மா கடலைக் கோபித்ததில்லை. ஆனால் 2009, யுத்தத்தின் கடைசி மாதங்கள், வேறு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் நந்திக்கடல் களப்பு, நடுவில் மாத்தளனில் இருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும் ஒடுங்கிய அந்த மணல். அதற்குள் நாங்கள் இருந்த நாட்களை இங்கே எழுதப் போவதில்லை. வட்டுவாகல் பாலத்தால் வெளியே வந்த நாளில் இருந்து அம்மா கடற்கரை மணலில் கால் வைத்ததில்லை. இப்போது இருப்பது முள்ளியவளையில். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மனின் விளக்கு காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் எரியும். அதைப் பார்க்க அம்மா ஒவ்வொரு வருடமும் போவார். அந்த நீர் எடுக்கிற கரைக்கு மட்டும் வரமாட்டார்.

தங்கச்சி பேர்த்தில் இருக்கிறாள். அவளுக்கு மகள் பிறந்தபோது நாங்கள் இரண்டு பேரும் போனோம். அங்கே இருந்து புரூமுக்கு விமானத்தில் இரண்டரை மணித்தியாலம் வடக்கே பறக்க வேண்டும். அவளுடைய கணவர்தான் எல்லா ஒழுங்கும் செய்தார். கடற்கரை என்று முதலிலேயே சொன்னால் அம்மா வரமாட்டார் என்று தெரிந்து, “சிவப்பு மண் ஊர் பார்க்கப் போறம்” என்று மட்டும் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனோம். அது சரியா பிழையா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

மண் உண்மையிலேயே சிவப்பு. எங்கள் பக்கத்துக் கிரவலையும் விடச் சிவப்பு. ஊருக்குள் போகும்போது அம்மா ஓட்டோவில் போகிற பழக்கத்தில் காரின் கண்ணாடியைத் தட்டி, “நிப்பாட்டுங்கோ, பெருக்கமரம் நிக்குது” என்றார். அவர் சொன்னது சரி. மன்னார் பள்ளிமுனையில் நிற்கிற பெருக்கமரத்தின் இனம்தான், அந்த நாட்டு வகை. புரூமின் தெருவோரங்களில் வயிறு பெருத்துப் போய் நிற்கின்றன. மன்னாருக்கு அந்த மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்தார்கள், அவர்களுடைய ஒட்டகங்களுக்குத் தீனியாக நட்டார்கள் என்று அந்தப் பக்கத்தில் கதை சொல்வார்கள். அம்மாவும் அந்தக் கதையைச் சொன்னார். அப்போதுதான் தங்கச்சி மெதுவாக, “அம்மா, பின்னேரம் ஒட்டகத்தில ஏறுவமோ?” என்று கேட்டாள். கடலோரமாகப் போகும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டாள். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, “மணல்ல நடக்கிறது ஒட்டகம்தானே” என்றார்.

அந்தக் கரைக்குக் கேபிள் பீச் என்று பெயர். 22 கிலோமீற்றர் நீளம். 1889 இல் யாவாவில் இருந்து கடலுக்கடியால் தந்திக் கம்பி கொண்டுவந்து ஏற்றிய இடம், அதனால் அந்தப் பெயர். அந்தக் கடலின் வற்றும் பெருக்கும் எங்கள் கணக்கில் அடங்காது. எங்கள் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர்கூட வித்தியாசம் வராது. அங்கே சில நாட்களில் பத்து மீற்றர் அளவுக்குப் போகும். கடல் வற்றிய பின் ஈர மணல் சீமெந்துத் தரைபோல அகலமாகக் கிடக்கிறது. அதில்தான் ஒட்டகங்களை வரிசையாகக் கொண்டு போகிறார்கள்.

கூட்டிக்கொண்டு போனவர் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். ஏறுவதற்கு முன் ஒவ்வொரு ஒட்டகத்தின் பெயரையும் வயதையும் குணத்தையும் சொன்னார். இவனுக்கு நாய் என்றால் பிடிக்காது, இவனுக்கு எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்கத்தான் விருப்பம், இப்படி. திமிலுக்கு முன்னால் ஓர் இருக்கை, பின்னால் ஓர் இருக்கை. அம்மா முன்னால், நான் பின்னால். எழும்பும்போது ஒட்டகம் பின்னங்காலைத்தான் முதலில் நிமிர்த்தும். அதனால் ஏறியிருப்பவர் முன்பக்கம் சரிந்துவிடுவார். பின்னுக்குச் சாய்ந்திருங்கள் என்று அவர் இரண்டு தரம் சொல்லி, அம்மாவின் கைகளைப் பிடித்துச் சட்டத்தில் வைத்துக் காட்டினார். அப்படியும் அம்மா “அம்மாளாச்சி!” என்று கத்தினார். ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து போவதுதான் ஒட்டகத்தின் நடை. வள்ளத்தில் இருப்பதுபோல இடமும் வலமும் ஆடும். ஐந்து நிமிடம் பயம், பிறகு தாலாட்டு.

ஒன்றை நான் கவனித்தேன். பின்னால் வருகிற ஒட்டகத்தை முன்னால் போகிறதோடு மெல்லிய கயிற்றால் கட்டியிருந்தார்கள். இவ்வளவு மெல்லியதாக ஏன் என்று கேட்டோம். ஒட்டகம் மிரண்டு இழுத்தால் அதன் மூக்கு நோகக் கூடாது, கயிறுதான் அறுந்துபோக வேண்டும் என்றார். அதைத் தங்கச்சி தமிழில் சொன்னதும் அம்மாவின் முகம் மாறியது. அம்மாவின் ஐயா வண்டில்காரர். மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டாமல் தான் சாப்பாட்டில் கை வைக்கமாட்டாராம். “வெளிக்கிட முதல் இதுகளுக்குத் தண்ணி காட்டினவவோ எண்டு கேள்” என்று அம்மா சொன்னார். கேட்டோம். மத்தியானமே காட்டியாயிற்று, ஒவ்வோர் ஒட்டகத்துக்கும் கிழமையில் லீவு நாளும் உண்டு என்று அவர் விரல் மடித்துக் கணக்குச் சொன்னார். அதற்குப் பிறகு அம்மா அந்தப் பெண்ணை ‘பிள்ளை’ என்றுதான் கூப்பிட்டார். அவருக்கும் அது விளங்கியது.

அந்தப் பெண் சொன்ன கதைதான் என் மனதில் நின்றது. ஒட்டகம் அவுஸ்திரேலியாவின் மிருகம் இல்லை. முதலாவது 1840 இல் கப்பலில் வந்தது. 1860 களில் இருந்து ஆயிரக்கணக்கில் இறக்கினார்கள். கூடவே மேய்த்து நடத்த ஆட்களையும் பலுசிஸ்தான், பஞ்சாப், காஷ்மீர், ஆப்கானிஸ்தான் பக்கங்களில் இருந்து கொண்டுவந்தார்கள். எல்லோரையும் சேர்த்து ஆப்கான்காரர் என்று ஒரே பெயரில் எழுதிவிட்டார்கள். தந்தி மரம், ஆட்டு மயிர், தண்ணீர், மா, எல்லாம் அவர்களுடைய ஒட்டகங்களின் முதுகில்தான் பாலைநிலத்தைக் கடந்தன. 1901 இல் வெள்ளையர் அல்லாதவர்கள் வந்து குடியேறுவதைத் தடுக்கிற சட்டம் வந்தது. 1920 களில் லொறிகள் வந்தன. அந்த மனிதர்களுக்கும் வேலை போனது, ஒட்டகங்களுக்கும் வேலை போனது. சுட மனம் வராமல் பலர் தங்கள் ஒட்டகங்களைக் காட்டில் அவிழ்த்து விட்டார்கள். அவை பெருகி, இன்றைக்கு அந்த நாட்டுக்கே பெரிய பிரச்சினையாகிக் கிடக்கின்றன. இதைச் சொல்லிவிட்டு, நாங்கள் போய்க்கொண்டிருக்கிற நிலம் யாவுரு மக்களுடையது, அவர்களிடம் இருந்து பறிக்கப்பட்டது என்பதையும் சொன்னார். காசு கட்டி வந்தவர்களுக்கு இனிப்பான பகுதியை மட்டும் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

பொழுது கடலுக்குள் பட்டது. கிழக்குக் கரைக்காரருக்கு அது புதுமைதான். எங்களுக்குக் கடலில் உதிக்கும், தரையில் படும். ஈர மணலில் ஒட்டகங்களின் நிழலுருவம் தலைகீழாக நடந்து வந்துகொண்டிருந்தது. நான் அம்மாவின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணித்தியாலம் முழுதும். இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அந்த மணலில் கொஞ்ச நேரம் நின்றார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

சரி, இப்போது மருமகனுக்கு வருகிறேன்.

தம்பி, ஒட்டகம் நாற்பது வருடம் வரை இருக்கும். வருகிற ஆட்கள் அப்படியல்ல. 2019 சித்திரையில் குண்டு வெடித்தது, வெளிநாட்டுக்காரர் நின்றுவிட்டார்கள். 2020 இல் கொரோனா. 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் படுத்துக் கிடந்தோம். மூன்று வருட இடைவெளிக்குள் மூன்று தரம் நின்றுபோன தொழில் இது. அடுத்த தரம் நின்றால் உன் ஒட்டகத்துக்கு யார் தீன் போடுவது? மன்னாருக்குப் போய்ப் பார். ஒரு காலத்தில் பொதி சுமந்த கழுதைகள் லொறி வந்தபின் தெருவில் விடப்பட்டு, குப்பையைத் தின்று, இரவில் வாகனத்தில் அடிபட்டுச் சாகின்றன. அவுஸ்திரேலிய ஒட்டகத்தின் கதையும் மன்னார்க் கழுதையின் கதையும் ஒன்றுதான். வேலை முடிந்ததும் அவிழ்த்து விட்டோம். மூன்றாவதாக ஒரு கதையை எங்கள் கையால் தொடங்க வேண்டாம்.

அதோடு எங்கள் மாரி. ஐப்பசி, கார்த்திகையில் முல்லைத்தீவு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். காய்ந்த மணலுக்குப் படைக்கப்பட்ட பாதம் அது, சேற்றில் வழுக்கும். ஈரத்தில் தோல் சொறி பிடிக்கும். மாட்டிலையான் கடியால் வருகிற காய்ச்சல் ஒட்டகத்தை வாட்டியெடுக்கும். இங்கே மாட்டுக்கு மருந்து போட ஒரு மிருக வைத்தியரைப் பிடிக்கவே எவ்வளவு அலைகிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எல்லோருக்குமாகச் சொல்கிறேன். யுத்தம் முடிந்த கையோடு எங்கள் பக்கத்துக்குப் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். 2006 மார்கழியில் முள்ளிவாய்க்கால் கரையில் தட்டி நின்ற பாரா என்ற சரக்குக் கப்பலுக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். புதுக்குடியிருப்பில் பிரபாகரனின் நிலக்கீழ் வீட்டை, 2013 இல் அதை வெடிவைத்துத் தகர்க்கும் வரை, வரிசையில் நின்று பார்த்தார்கள். வந்தவர்களில் நல்ல மனிதர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அவர்களுக்கு எங்கள் மண்ணைக் காட்டிக் கதை சொன்னது நாங்கள் அல்ல. தறப்பாளுக்குக் கீழே இருந்து நாங்கள் அந்த பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதனால்தான் சொல்கிறேன், மாத்தளனில் இருந்து வட்டுவாகல் வரைக்கும் அந்த மணலில் சவாரியும் வேண்டாம், பாட்டுப் பெட்டியும் வேண்டாம். வைகாசி 18 இல் செத்தவர்களை நினைத்துக் கஞ்சி குடித்து விளக்கு வைக்கிற மண் அது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

மற்றக் கரைகள் இருக்கின்றன. அளம்பில் இருக்கிறது, நாயாறு இருக்கிறது, கொக்கிளாயில் வாடைக் காலத்தில் வந்திறங்குகிற பறவைகள் இருக்கின்றன. கரைவலைக் காலத்தில் ஒரு பாடு வளைத்து இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், இருபது முப்பது பேர் அம்பா பாடிக்கொண்டு கயிறு வலிக்கிற அந்த ஓசைக்கு முன்னால் ஒட்டகம் எந்த மூலைக்கு! வலை கரைக்கு ஏற, பிள்ளைகள் சின்ன மீன் பொறுக்க ஓடுகிறதும், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி மீனைப் பார்த்தே விலையைக் கணக்குப் போடுகிறதும். இவற்றைச் சொல்லிக் காட்ட ஒரு ஆள் வேண்டும். மணலைப் பிடித்து வைத்திருக்கிற அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் காட்டி, சோளகக் காற்று என்றால் என்ன, வாடைக் காற்று என்றால் என்ன, சுனாமியில் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெரிந்த ஒரு ஆள். கடற்றொழில் குடும்பத்துப் பெண்கள் எத்தனையோ பேர் கருவாடு காயப்போட்டு நாளைக் கழிக்கிறார்கள். புரூமில் அந்தப் பெண் செய்த வேலையை அவர்கள் செய்யலாம். அவரைவிட நன்றாகவே செய்வார்கள், ஏனென்றால் அவர் படித்துத் தெரிந்துகொண்ட கதை, இவர்கள் இருந்து பார்த்த கதை. அவர்களுக்குக் கையில் நேரே காசு போக வேண்டும். வெளியில் இருந்து பெரிய முதலாளி வந்து கரையை வளைத்துக் கம்பி அடித்த பிறகு யோசித்துப் பயனில்லை.

செக்கல் பொழுதுக்கு வட்டுவாகல் பாலத்தடியில் இப்போதும் ஆட்கள் நிற்கிறார்கள். பொழுது நந்திக்கடலுக்குள் இறங்குகிற நேரம், இறால் பிடிக்கிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் கறுப்பாகத் தெரிவார்கள். கேபிள் பீச்சுக்கு அது எந்த வகையிலும் குறைந்ததில்லை. அங்கே நின்று பேசுகிறவர் மெதுவாகப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க அம்மா குசினிக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தேத்தண்ணியைக் கொண்டுவந்து மருமகனுக்கு முன்னால் வைத்துவிட்டு, “ஒட்டகம் வேண்டாம் ராசா. ஒரு வண்டில் கட்டு. அளம்பில் பக்கம் எண்டால் நான் வாறன்” என்றார்.

அவன் அன்றைக்கே வண்டில் தேடத் தொடங்கிவிட்டான். குமுழமுனையில் ஒரு வீட்டுக் கொட்டிலில் பழைய வண்டில் ஒன்று கிடக்கிறதாம், அச்சு நல்லாய் இருக்கிறதாம், சில்லுத்தான் புதிதாகப் போட வேண்டுமாம். சோடி மாடு இன்னும் அமையவில்லை. கடற்கரையில் மாட்டுக்கு நல்ல தண்ணீர் எங்கே காட்டுவது என்று அம்மா ஒவ்வொரு நாளும் அவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.