மவுண்ட்டுக்குத்தான் முதல் செலவு

நெபுலா எனப்படும் விண்வெளி வாயு, தூசு மேகங்களைப் படம் எடுக்கப் பெரிய தொலைநோக்கி அவசியம் என்று நான் படித்த கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துத் திரும்பும் நல்ல மவுண்ட்தான் (தொலைநோக்கியைத் தாங்கும் அமைப்பு) முதலில் வேண்டும். அது இருந்தால் 80 மி.மீ. விட்டமுள்ள லென்ஸ் கொண்ட சிறிய தொலைநோக்கியே போதும். 1880இல் அமெரிக்க வானியலாளர் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம் பிடித்தபோது 51 நிமிடம் எக்ஸ்போஷர் (கேமராவில் ஒளி விழவிடும் நேரம்) கொடுத்தார். அதுவும் கடிகாரப் பொறி தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டே இருந்ததால்தான் முடிந்தது.

புதியவர்களும் ஓரியனிலேயே தொடங்கலாம். அதன் மையத்திலுள்ள டிரபீசியம் என்ற பிரகாசமான விண்மீன் கூட்டம் நீண்ட எக்ஸ்போஷரில் வெளுத்துவிடும். எனவே மையத்துக்குச் சில நொடிப் படங்கள், மங்கலான வெளிப்பகுதிக்குச் சில நிமிடப் படங்கள் என இரண்டு வகையும் நிறைய எடுத்துக் கணினியில் அடுக்கிச் சேர்க்க வேண்டும்.

கட்டுரை விட்டுவிட்ட முக்கியமான விஷயம்: நெபுலாவின் ஆழ்ந்த சிவப்பு, ஹைட்ரஜன் உமிழும் 656.3 நானோமீட்டர் ஒளி. சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவில் சென்சாருக்கு முன்னுள்ள ஃபில்டர் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அந்த ஃபில்டரை மாற்றிய கேமராவில் அதே வானம் எவ்வளவு சிவக்கிறது என்று பார்த்தால் அசந்துபோவீர்கள்!