வில்லங்கச் சான்று மட்டும் போதாது

‘முப்பது வருஷ வில்லங்கம் சுத்தமா இருந்தா பூர்வீக வீட்டுக்குத் தைரியமா அட்வான்ஸ் கொடுக்கலாம்’ என்று எழுதியிருக்கிறீர்களே அண்ணாச்சி, அது பாதிதான் சரி. வில்லங்கச் சான்றில் பத்திர ஆபீஸில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும். வாய்மொழிப் பாகப்பிரிவினையோ பதியாத உயிலோ வராது.

பாளையங்கோட்டையில் நாங்கள் பார்த்த வீட்டில் தார்சாச் சுவரில் காரை உதிர்ந்து கிடந்தது, மட்டப்பா ஒழுகியது. சரி, அதெல்லாம் கொத்தனார் பார்த்துக்கொள்வார். வில்லங்கத்தில் ஒரு வரி கூட இல்லை. ஆனால் வீட்டை விற்கிறவரின் தாத்தா உயில் எழுதாமல் போனவர். கட்டிக்கொடுத்த இரண்டு அத்தைமார் எதிலுமே கையெழுத்துப் போடவில்லை!

இந்துக் குடும்பம் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு. கல்யாணம் எப்போது நடந்தது என்பது கணக்கில்லை. அதனால் மூலப்பத்திரத்தோடு தாலுகா ஆபீஸ் வாரிசுச் சான்றையும் கேளுங்கள். அதில் உள்ள அத்தனை பேரும் கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.