பேட்மிண்டன் சர்வீஸில் நெட் உரசினால் ‘லெட்’ கிடையாது

“பேட்மிண்டனில் சர்வ் போடும்போது காக் (இறகுப் பந்து) நெட்டில் உரசி அந்தப் பக்கம் விழுந்தால் லெட், மறுபடி போடலாம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது டென்னிஸ் விதி. டேபிள் டென்னிஸிலும் அப்படித்தான், அதனால் குழப்பம் வருவது இயல்பு. பேட்மிண்டனில் நெட்டின் மேல் விளிம்பை உரசிக்கொண்டு குறுக்கே உள்ள சரியான சர்வீஸ் கட்டத்துக்குள் விழுந்தால் அது செல்லுபடியாகும் சர்வ். எதிராளி எடுத்தே ஆகவேண்டும், விட்டால் பாயிண்ட் போச்சு. கோட்டில் பட்டாலும் உள்ளேதான்.

காக் நெட்டிலேயே மாட்டிக்கொண்டால்? சர்வீஸில் என்றால் ஃபால்ட், அதாவது தவறு, பாயிண்ட் எதிராளிக்கு. சர்வைத் திருப்பி அடித்த பிறகு, ராலியின் (மாறி மாறி அடிக்கும் ஆட்டத்தின்) நடுவே நெட்டின் உச்சியில் தங்கிவிட்டாலோ, தாண்டிப் போய் அந்தப் பக்க வலையில் சிக்கினாலோதான் லெட். நண்பர் இதைத்தான் மனதில் வைத்திருந்தாரோ என்னவோ.

அப்புறம், “சர்வை இடுப்புக்குக் கீழே அடித்தால் போதும்” என்பதும் பழைய கணக்கு. சர்வதேசப் போட்டிகளில் 2018 முதல் நிலையான உயரம் வந்துவிட்டது. அடிக்கும் நொடியில் முழு காக்கும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்கவேண்டும். 1.94 மீட்டர் உயரமுள்ள டென்மார்க் வீரர் விக்டர் ஆக்செல்சனுக்கும் அதே அளவுதான், பாவம். தெருவில் நெட் கட்டி ஆடுகிறவர்கள் இடுப்புக் கணக்கிலேயே ஆடலாம், யாரும் அளவுகோலோடு வரப்போவதில்லை. நெட் விதியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.