மினாங்கபாவ் வயலைப் பெண் தனியாக விற்க முடியுமா?

இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவில் வாழும் மினாங்கபாவ் மக்களின் கிராமங்களில் வயலும் வீடும் பெண்ணின் தனிச்சொத்து, நினைத்தால் விற்கலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள்.

சொத்து தாய்வழியாக இறங்குகிறது என்பது வரை சரி. ஆனால் ‘புசாக்கா திங்கி’ எனப்படும் பூர்விகச் சொத்து தாய்வழிக் குடும்பம் முழுவதற்கும் பொது. பெண்கள் விளைச்சலை அனுபவிக்கிறார்கள், மேற்பார்வை தாய்மாமனிடம். இருவரில் யாரும் தனியாக விற்க முடியாது. நிலத்தை ஒத்திக்கு (அடகுக்கு) விடவே மரபில் நான்கு காரணங்கள்தான்: ஒழுகும் பெரிய வீட்டைச் செப்பனிட, வயது வந்த பெண்ணைக் கட்டிக்கொடுக்க, வீட்டில் விழுந்த சாவுச் செலவுக்கு, குலத்தலைவர் பட்டம் சூட்ட. அதற்கும் குடும்பம் கூடிச் சம்மதிக்க வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தக் கட்டுப்பாடுதான். அவசரத்தில் ஒருவர் எடுக்கும் முடிவால் அடுத்த தலைமுறை நிலமிழப்பதில்லை. (ஒருவர் தானே சம்பாதித்தது வேறு கணக்கு.)

சரிபார்க்க விரும்பினால், உலாயத் நிலம் (மரபுப்படி சமூகத்துக்குப் பொதுவான நிலம்) பற்றி மேற்குச் சுமத்ரா மாகாணம் 2008இல் கொண்டுவந்த 6ஆம் எண் ஒழுங்குவிதியை இணையத்தில் தேடுங்கள். ‘தானா உலாயத் காவும்’ (தாய்வழிக் குடும்பத்தின் பொது நிலம்) என்பதற்கான விளக்கத்தில், அது உறுப்பினர் எல்லோருக்கும் உரியது என்றே இருக்கிறது. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படித்தாலே புரியும்.