சலூக்கி கதைய அப்படியே எடுத்துக்க முடியல

நாட்டு நாய்க பத்தி நீங்க எழுதுன கட்டுரை நல்லாத்தான் இருக்குண்ணே, ஆனா அரபு வியாபாரிக கொண்டுவந்த சலூக்கிங்கற வேட்டை நாய்ல இருந்துதான் நம்ம சிப்பிப்பாறை நாய் வந்துச்சுன்னு அடிச்சு எழுதிட்டீங்க, பாக்க ஒண்ணுபோல இருந்தா சொந்தம்னு ஆயிருமா? கண்ணால பாத்து தொரத்துற நாய் எந்த ஊர்ல இருந்தாலும் நீள மூஞ்சி, எறங்குன நெஞ்சு, ஒட்டுன வயிறுன்னுதான் இருக்கும். சிப்பிப்பாறை வளந்த கரிசக்காடு வெட்டவெளி, முயல் கெளம்புனா ஓட்டம்தான் எல்லாமே, அதுக்குத் தோதான நாயாப் பாத்து பாத்து இணை சேத்து வளத்தாய்ங்க. கோம்பை அப்படி இல்ல, தேனிப் பக்கம் மலையடிவாரத்து நாய், கட்டையா தெம்பா இருக்கும், காட்டுப்பன்னிக்கு நின்னு மல்லுக்கட்டும். ரெண்டையும் ஒரே வம்சமாக்கிட்டீங்களே!

அப்புறம் தபால்தலை விஷயம், நம்ம நாட்டு நாய்களுக்குன்னு 2005ல வந்த நாலு தபால்தலைல நம்ம பக்கத்து நாய் ராஜபாளையம் மட்டும்தான், மத்தது முதோல், ராம்பூர், இமாலய நாய்.

1972 வனவிலங்குச் சட்டத்துக்கப்புறம் வேட்டை தப்புன்னு ஆச்சு, நாய்க்கு காவல்தான் வேலை. இப்ப மதுரைல ஃபிளாட்டுக்குள்ள சிப்பிப்பாறைய கட்டிப்போட்டு, இடுப்பெலும்பு துருத்திட்டு இருக்கேன்னு பிரியாணியப் போட்டு ஊத வைக்கிறாய்ங்க. எலும்பு தெரியறதுதாங்க அதோட வாகே, சோத்தக் கொறச்சு தெனமும் ஓட விடுங்க. ராஜபாளையம் வாங்குறவுக குட்டிக்குப் பின்னால நின்னு கை தட்டிப் பாத்துட்டு துட்டக் குடுங்க, தூய வெள்ளைல காது கேக்காத குட்டி நெறைய உண்டு.