பூனைக்குப் பத்தியம் கிடையாது

கழுத்தில் சாப்பாடு கொடுக்கும் குழாயோடு எங்கள் பூனை பொட்டு படுத்திருக்கும் படத்தைப் போன மாதம் போட்டிருந்தேன். பார்த்துவிட்டு உறவுக்காரர்கள் பலர் வருத்தப்பட்டார்கள். "வாயில்லாச் சீவனை இப்படியா வதைப்பது? நிம்மதியாகப் போக விடக் கூடாதா கண்ணு?" என்று சித்தி அழாத குறையாகக் கேட்டார். பாசத்தில் கேட்டதுதான். ஆனால் அதே பாசத்தில் வேறொரு வீட்டில் வேறொரு பூனையைச் சாக விட்டுவிடுவார்களே என்ற பயத்தில் இதை விரிவாக எழுதுகிறேன். அந்தக் குழாயில் வதை எதுவும் இல்லை. குழாய் போடுவதற்கு முன் ஐந்து நாட்கள் நாங்கள் எல்லோரும் அன்போடு செய்தோமே, அதுதான் வதை.

பொட்டுவுக்கு ஆறு வயது. உடம்பு முழுக்க வெள்ளை, நெற்றியில் மட்டும் கறுப்பாக ஒரு பொட்டு. நன்றாகத் தின்று 5 கிலோவைத் தாண்டி உருண்டையாக இருந்தாள். அந்தப் பருமனைப் பார்த்து நாங்கள் பெருமைப்பட்டோம். வைகாசியில் உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணம், ஆறு நாட்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். பக்கத்து வீட்டுச் சேச்சி தினமும் பின்வாசலில் சோறும் மீனும் வைத்தார். தட்டு தினமும் காலியானது. காலி செய்தவை தெருப்பூனைகள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பொட்டு பயந்துபோய்ப் பரண்மேல் பழைய பாய்களுக்குப் பின்னால் ஒண்டிக் கிடந்திருக்கிறாள்.

திரும்பி வந்த அன்று இறங்கி வந்து காலை உரசினாள். மீன் வைத்தால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாயோரம் எச்சில் நூலாக ஒழுகியது. பசியில் ஒழுகுகிறது, கோபத்தில் தின்ன மறுக்கிறாள் என்று நினைத்தோம். அது குமட்டல். வாந்தி வரும் நிலையில் இருக்கிறவரின் மூக்குக்கு நேரே மீன் குழம்பை நீட்டினால் எப்படி இருக்கும்? அதைத்தான் இரண்டு நாட்கள் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் காலை சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெயில் அவள் காதை ஊடுருவி விழுந்தது. எப்போதும் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் காது, மஞ்சள் தோய்த்த நூல் போல இருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறும் மஞ்சள், கண்ணின் வெள்ளையும் மஞ்சள். சேச்சி எட்டிப் பார்த்து "மஞ்ஞப்பித்தம்" என்றார். என் மாமியார் "காமாலை" என்றார். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் எங்கள் பக்கம் ஒரே நோய்க்கு இரண்டு மொழியில் பெயர் உண்டு, வைத்தியம் மட்டும் ஒன்றுதான். அத்தை வரப்போரம் போய்க் கீழாநெல்லி பறித்து வந்து, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி நின்றார். எண்ணெய் கூடாது, மீன் கூடாது, கறி கூடாது, கஞ்சித் தண்ணீர் மட்டும். காமாலை என்றதும் தமிழனானாலும் மலையாளியானாலும் நாக்கில் முதலில் வரும் சொல் பத்தியம். லங்கணம் பரம ஔஷதம், பட்டினியே சிறந்த மருந்து என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம்.

பூனையின் உடம்புக்கு அந்தப் பழமொழி பொருந்தாது. நான் சொல்ல வந்ததே இதுதான். நமக்குக் கல்லீரல் கெட்டால் சாப்பாட்டைக் குறைக்கத் தோன்றுகிறது. பொட்டுவுக்கோ சாப்பாடு நின்றதால்தான் கல்லீரல் கெட்டது. பூனை இறைச்சி தின்றே வாழப் பிறந்த உயிர். நாலு நாள் பட்டினி கிடந்த நாய் பெரும்பாலும் எழுந்து நடந்துவிடும். பூனை, அதிலும் கொழுத்த பூனை, சில நாட்கள் தின்னாமல் இருந்தாலே உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து இரத்தம் வழியாகக் கல்லீரலுக்கு ஓடுகிறது. வந்த கொழுப்பைப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்பக் கல்லீரலுக்குப் புரதம் வேண்டும். தின்னாத உடம்பில் புரதம் எங்கிருந்து வரும்? வந்த கொழுப்பு அங்கேயே தேங்கி, ஒவ்வொரு செல்லையும் அடைத்து, பித்தம் ஓடும் வழியை நெருக்குகிறது. காமாலை வருகிறது, குமட்டல் வருகிறது, குமட்டலால் இன்னும் தின்னாமல் போகிறது. சுற்றிச் சுற்றி இறுகும் கயிறு மாதிரி. இதை அவிழ்க்க ஒரே வழி, எப்படியாவது உள்ளே போதுமான சாப்பாடு போவது. புரதம் நிறைந்த, கொழுப்பும் உள்ள முழுச் சாப்பாடு. கஞ்சித் தண்ணீர் கொடுத்தால் பூனைக்கு அது பட்டினிதான்.

நல்லவேளை, கீழாநெல்லியைப் பொட்டு துப்பிவிட்டாள்.

முதலில் காட்டிய இடத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி, பசியெடுக்க ஓர் ஊசி போட்டு, "மூன்று நாள் பார்க்கலாம், வாயில் ஊட்டுங்கள்" என்றார்கள். இரத்தப் பரிசோதனை இல்லை. அந்த மூன்று நாட்கள்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. வீட்டுக்காரர் துண்டால் சுற்றிப் பிடிக்க, நான் தாடையைத் திறந்து சிரிஞ்சால் ஊட்டினேன். பாதி வெளியே வழிந்தது, மீதியில் பாதி புரையேறியது. நுரையீரலுக்குள் போயிருந்தால் நிமோனியாவில் போயிருப்பாள். மூன்றாம் நாள் நான் சமையலறைப் பக்கம் திரும்பினாலே கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தாள். ஆறு வருடம் என் காலடியிலேயே கிடந்த பூனை என் கையைப் பார்த்து நடுங்கியது. குமட்டும்போது வலிந்து ஊட்டும் உணவைப் பூனை வாழ்நாள் முழுக்க வெறுத்துவிடக்கூடும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். வதை என்று நான் மேலே எழுதியது இதைத்தான் சித்தி.

ஆறாம் நாள் விடியலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் துணி விரித்து, மேலே வலை கட்டி, வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் பஸ் ஏறினேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சன்னல் வழியாக அடித்தது. அவள் தலையைத் தூக்கக்கூட முயலவில்லை. முகவாய் மார்பில் ஒட்டிக் கவிழ்ந்திருந்தது. சோர்வு என்று நினைத்தேன். பொட்டாசியம் அடிமட்டத்துக்குப் போனால் பூனையின் கழுத்து அப்படித்தான் தொங்குமாம்.

அங்கே எடை 4.1 கிலோ. இரத்தத்தில் காமாலையின் மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபின் 1-க்குக் கீழே இருக்க வேண்டியது 8-ஐத் தாண்டியிருந்தது. ஸ்கேனில் கல்லீரல் வீங்கி வெளுத்துத் தெரிந்தது. கணைய வீக்கம், சர்க்கரை நோய், குடல் நோய் என்று வேறொன்று பின்னால் ஒளிந்திருந்து பூனையைத் தின்னவிடாமல் செய்வது வழக்கம் என்பதால் அதையெல்லாம் தேடினார்கள். எதுவும் இல்லை. பயந்து ஒண்டிக் கிடந்ததே காரணம். "இதற்கு மருந்து சாப்பாடுதான். மற்றதெல்லாம் துணைக்கு" என்றார் மருத்துவர். அவ்வளவு தெளிவாக ஒரு வாக்கியத்தை அந்த வாரம் முழுக்க யாரும் என்னிடம் சொல்லவில்லை.

முதலில் பொட்டாசியமும் நீரும் ஏற்றினார்கள். கெட்ட கல்லீரலால் இரத்தம் சரியாக உறையாது என்பதால் வைட்டமின் கே ஊசியும் போட்டார்கள். மறுநாள் சிறு மயக்கம் கொடுத்து, கழுத்தின் இடப்பக்கம் ஒரு சின்னக் கீறல் போட்டு, உணவுக்குழாய்க்குள் மெல்லிய ரப்பர் போன்ற குழாயை இறக்கி, தோலோடு தையல் போட்டார்கள். அதன் நுனி இரைப்பைக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். எக்ஸ்ரே எடுத்து இடம் சரிபார்த்தார்கள். எல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. மயக்கம் தெளிந்து எழுந்தவள் செய்த முதல் காரியம் முன்னங்காலை நக்கியது. நாங்கள் ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து அவள் தன்னை நக்கிச் சுத்தம் செய்து நான் பார்க்கவில்லை.

இனி, குழாயைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்காக அன்றாடம் நடந்ததைச் சொல்கிறேன். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி தேவை. ஆனால் எடுத்த எடுப்பில் முழுதும் கொடுக்கக் கூடாது. பட்டினி கிடந்த உடம்பில் திடீரெனச் சாப்பாடு விழுந்தால் இரத்தத்திலுள்ள பாஸ்பரசும் பொட்டாசியமும் சரிந்து, அதனாலேயே உயிர் போகலாம். முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, பிறகு மூன்று நான்கு நாட்களில் முழு அளவு. இடையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த நாட்களை மருத்துவமனையிலேயே கழித்தது நல்லதாயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று ஐந்து வேளை. நோயாளிப் பூனைக்கென்றே விற்கும் டப்பா உணவை வெந்நீர் விட்டு மிக்சியில் அடித்து, டீ வடிகட்டியில் வடிகட்டிக்கொள்வேன். புறங்கையில் ஒரு சொட்டு விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. குழந்தைக்குப் பால் பார்ப்போமே, அப்படி. முதலில் 5 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், குழாய் திறந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. பிறகு 40 மில்லி உணவு. அதைப் பதினைந்து நிமிடம் இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக. அவள் நாக்கால் உதட்டைத் தடவினால் நிறுத்திவிட வேண்டும், அது குமட்டலின் முதல் அறிகுறி. முடிவில் மறுபடியும் தண்ணீர். தண்ணீர் விடாவிட்டால் உணவு உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஒருநாள் மாத்திரையைச் சரியாகப் பொடிக்காமல் விட்டதில் அப்படி அடைத்தே விட்டது. வெந்நீரை உள்ளே தள்ளி, வெளியே இழுத்து, ஒரு மணி நேரம் கை நடுங்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சடக்கென்று வழிவிட்டது. அன்றிலிருந்து மாத்திரையைக் கல்வத்தில் திருநீறு போல அரைத்த பிறகுதான் கரைப்பேன்.

தோலுக்கு வெளியே குழாய் தொடங்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தேன். கோடு நகர்ந்தால் குழாய் நகர்ந்தது என்று பொருள். வாந்தியெடுத்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். தினமும் கட்டை அவிழ்த்து, துளையைச் சுற்றித் துடைத்து, நாற்றமோ சீழோ இருக்கிறதா என்று பார்த்து, அத்தையின் பழைய நூல்சேலையில் கிழித்த துணியால் மறுபடி சுற்றுவேன். இவ்வளவுதான். நர்சிங் படிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

சித்தி நேரில் வந்திருந்தால் பார்த்திருப்பார்: சாப்பாடு போகும்போது பொட்டு என் மடியில் தூங்குவாள். வாயைத் திறக்க வேண்டாம், பிடித்து அமுக்க வேண்டாம். கசப்பு மருந்து நாக்கில் படுவதே இல்லை. நாலாம் நாள் மடியில் படுத்துக் குறுகுறுவென்று சத்தம் கொடுத்தாள். என்னை மன்னித்தாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

மதியம் 2 மணிக்கு நான் வேலையில் இருப்பேன். அந்த வேளையை அத்தை எடுத்துக்கொண்டார். கீழாநெல்லி அரைத்த அதே கை. "காமாலைக்குக் கறிச்சாறா?" என்று முதல் இரண்டு நாள் முனகியவர், காது வெளுக்க வெளுக்க, இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே சிரிஞ்சைக் கழுவி வைத்து உட்கார்ந்தார். வெங்காயமும் பூண்டும் போட்ட கோழிச்சாறு கொடுக்கலாமே என்று ஒரு தடவை கேட்டார். அவை இரண்டும் பூனைக்கு நஞ்சு, காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமாலும் அப்படியே என்று சொன்னேன். மறுநாள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

செலவைக் கேட்கிறவர்களுக்கு: மொத்தம் 20,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. எங்களுக்கு அது சிறிய தொகை இல்லை, சீட்டு எடுத்துக் கட்டினோம். எல்லோராலும் முடியாது என்பது தெரியும், முடியாதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பணம் இருந்தும், குழாய் என்ற சொல்லுக்கே பயந்து, "அதன் விதி" என்று விடுகிறவர்களிடம் எனக்கு வாதாட வேண்டியிருக்கிறது. நேரத்தில் குழாய் போட்டு ஒழுங்காகச் சாப்பாடு கொடுத்தால் இந்த நோயிலிருந்து பெரும்பாலான பூனைகள் எழுந்துவிடுகின்றன. கொடுக்காவிட்டால் பெரும்பாலும் எழுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் நாம் தள்ளிப்போடும் நாட்கள் இருக்கின்றன. உங்கள் பூனை நேற்று முழுக்க எதுவும் தின்னவில்லை என்றால் இன்றே கூட்டிக்கொண்டு போங்கள். காது மஞ்சளாகும்வரை காத்திருக்காதீர்கள். ஊருக்குப் போனால், தட்டு காலியானதா என்று கேட்காதீர்கள். பூனை தின்றதைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

குழாய் போட்ட இருபத்து மூன்றாம் நாள் காலை சேச்சி எங்கள் பின்வாசலில் உட்கார்ந்து மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பொட்டு படியிறங்கி வந்து, கழுத்துக்கட்டோடு அவர் எதிரில் உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை. சேச்சி என்னைப் பார்த்தார், நான் மூச்சு விடவில்லை. செதில் ஒட்டிய ஒரு வால்துண்டு தரையில் கிடந்தது. அதை இரண்டு தடவை நக்கினாள், மூன்றாம் தடவை கடித்தாள். அந்த முள் நொறுங்கிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. சேச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முழு மீன் ஒன்றை நீட்டினார்.

அதன் பிறகும் உடனே குழாயை எடுக்கவில்லை. தானாகத் தின்று எடை குறையாமல் நிற்கிறதா என்று இரண்டு வாரம் பார்த்தார்கள். போன வெள்ளிக்கிழமை தையலை வெட்டி ஒரே இழுப்பில் உருவினார்கள். மயக்கமும் வேண்டியிருக்கவில்லை, துளைக்குத் தையலும் போடவில்லை. அது தானே மூடிக்கொண்டு வருகிறது. எடை 4.6 கிலோ. இதற்கு மேல் அதிகம் ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

டப்பா உணவு மூன்று பிரிக்காமல் மீதம் இருக்கிறது, அகல மூக்குச் சிரிஞ்ச் நான்கும் புதிதாக இருக்கின்றன. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் யாருக்காவது மருத்துவர் குழாய் போட்டு அனுப்பினால் எனக்குத் தகவல் அனுப்புங்கள். முதல் இரண்டு நாள் கை நடுங்கும். அத்தையைக் கூட்டிக்கொண்டு நானே வந்து பக்கத்தில் உட்கார்கிறேன்.