நூபியாவை எகிப்தின் கணக்கில் எழுதாதீர்கள்

1913-ல் ஜார்ஜ் ரைஸ்னர் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் சூடானின் கெர்மாவில் தோண்ட ஆரம்பித்தார். சுடாத செங்கல்லால் கட்டி, ஏறக்குறைய 18 மீட்டர் உயரத்துக்கு இன்றும் நிற்கிற ஒரு கட்டடம் அங்கே இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதைத் தெஃபூஃபா என்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் பிரம்மாண்டமான இடுகாடு. அங்கே ஒரு மண்மேட்டுக் கல்லறைக்குள் சென்னுவி என்ற எகிப்தியப் பெருமாட்டியின் அழகான கற்சிலை கிடைத்தது. கூடவே அவள் கணவன் ஹெப்ஜெஃபாவின் சிலைத் துண்டும். ரைஸ்னர் உடனே முடிவு கட்டிவிட்டார்: இது எகிப்து அனுப்பிய ஆளுநரின் கல்லறை, இந்த ஊரே எகிப்தியர் நடத்திய ஊர் என்று. கறுப்பின மக்கள் இப்படி ஒரு நகரத்தைத் தாங்களே எழுப்பியிருப்பார்கள் என்று நினைக்க அவருக்கு மனம் வரவில்லை.

இதை வெறும் பழங்கதையாக என்னால் கடந்துபோக முடியவில்லை. அவர் போட்ட கணக்கில்தான் இன்றைக்கும் பாதி உலகம் நூபியாவை, அதாவது எகிப்தின் தென்கோடியிலிருந்து சூடானின் வடக்குவரை நைல் ஓரமாக நீளும் அந்த நாட்டை, படிக்கிறது.

உண்மையில் அந்தச் சிலை கெர்மாவுக்கு எப்படி வந்தது? பெரும்பாலும் கொள்ளைப் பொருளாகத்தான். எகிப்தின் எல்-காப் ஊரில் சோபெக்நக்த் என்ற ஆளுநரின் கல்லறையில் 2003-ல் ஒரு கல்வெட்டு தெரியவந்தது. குஷ் (நூபிய அரசுக்கு எகிப்தியர் வைத்த பெயர்) நாட்டுப் படை தெற்கிலிருந்து திரண்டு வந்து எகிப்தைத் தாக்கியதை அது சொல்கிறது. எகிப்தியர் தங்கள் நினைவுச்சின்னங்களில் அதிகம் பேச விரும்பாத சங்கதி. சார்ல் பொன்னே என்ற சுவிஸ் ஆய்வாளர் பல பத்தாண்டுகள் கெர்மாவிலேயே கிடந்து தோண்டி, அது நூபியர்களின் சொந்தத் தலைநகரம் என்று நிறுவினார். கி.மு. 2500 வாக்கிலிருந்து ஆயிரம் ஆண்டு வாழ்ந்த நகரம். மதில், கோயில், களஞ்சியம், அரண்மனை எல்லாம் உண்டு. அரசனோடு நூற்றுக்கணக்கானவர்களைப் பலிகொடுத்துப் புதைத்த கொடுமையும் உண்டு. அதையும் மறைக்கத் தேவையில்லை. ஒரு நாகரிகத்தை மதிப்பது என்றால் முழுசாகப் பார்ப்பதுதான்.

கி.மு. 1500 வாக்கில் எகிப்து கெர்மாவை வீழ்த்தி, நாலு நூற்றாண்டுக்கு மேல் நூபியாவை ஆண்டது. பிறகு கை தளர்ந்தது. ஜெபல் பர்கல் மலையடிவாரத்து நபாட்டாவில் புதிய அரச வம்சம் எழுந்தது. கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் அந்த வம்சத்து பியே வடக்கே படை நடத்தி எகிப்தையே பணிய வைத்தான். எகிப்தின் 25-ஆவது வம்சம் என்று புத்தகத்தில் இருப்பது இவர்கள்தான்.

பியேயின் வெற்றிக் கல்வெட்டில் ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹெர்மோபோலிஸ் நகரை முற்றுகையிட்டுப் பிடிக்கிறான். தோற்ற அரசன் நிம்லோத் தன் அரண்மனையைத் திறந்து காட்டுகிறான். அந்தப்புரத்துப் பெண்கள் வந்து வணங்குகிறார்கள், பியே அவர்கள் பக்கம் முகத்தைக் கூடத் திருப்பவில்லை. நேரே குதிரை லாயத்துக்குப் போகிறான். முற்றுகையில் தீனி இல்லாமல் குதிரைகள் வாடிக் கிடக்கின்றன. நீ செய்த எந்தக் குற்றத்தையும் விட இவற்றைப் பட்டினி போட்டதுதான் என் நெஞ்சைச் சுடுகிறது என்று நிம்லோத்திடம் கொதிக்கிறான். எல்-குர்ருவில் இந்த வம்சத்து அரசர்களின் கல்லறைகளுக்கு அருகே 24 குதிரைகளுக்குத் தனிக் குழிகள் வெட்டிப் புதைத்திருக்கிறார்கள். கல்வெட்டில் இருப்பது வாய்ப்பேச்சு இல்லை என்று நம்ப எனக்கு இது போதும்.

அவன் மகன் தகர்காவின் பெயர் பைபிளிலேயே வருகிறது. கடைசியில் அசீரியப் படை இவர்களை எகிப்திலிருந்து விரட்டியது. வரலாற்று நூல்கள் பலவற்றில் நூபியா அந்த இடத்தோடு மறைந்துவிடுகிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். எகிப்தை விட்டு வெளியேறியபிறகு குஷ் அரசு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நடந்திருக்கிறது! பிற்காலத் தலைநகரான மெரோயேயில் இரும்பு உருக்கினார்கள், கசடு மேடுமேடாக இன்னும் கிடக்கிறது. சிங்கமுகக் கடவுள் அபெதெமாக்குக்குக் கோயில் கட்டினார்கள். சொந்த எழுத்து வைத்திருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரிஃபித் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அதன் ஒலிகளைக் கண்டுபிடித்துவிட்டார், வாய்விட்டுப் படிக்கலாம், ஆனால் பெரும்பகுதிக்குப் பொருள் இன்னும் பிடிபடவில்லை. அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னது நமக்கு எட்டாததால், அடுத்தவர்கள் அவர்களைப் பற்றிச் சொன்னதே வரலாறாகிவிட்டது.

ரோமாபுரி எகிப்தைப் பிடித்த சில ஆண்டுகளில், குஷ் படை அஸ்வானில் புகுந்து அகஸ்டஸ் சீசரின் சிலைகளைப் பெயர்த்துக்கொண்டு போனது. அப்போது ஆண்ட அரசி ஒற்றைக் கண் பார்வை உள்ளவள் என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். அமானிரெனாஸ் அவள்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ரோமப் படை பதிலடியாக நபாட்டாவைச் சூறையாடியது உண்மை. ஆனால் ஒப்பந்தம் பேசும்போது அகஸ்டஸ் கப்பத்தைத் தள்ளுபடி செய்தான். 1910-ல் மெரோயேயில் ஒரு கோயிலின் வாசற்படிக்கு அடியிலிருந்து அகஸ்டஸின் வெண்கலத் தலை கிடைத்தது. கோயிலுக்குள் போகிறவர்கள் தினமும் அதன் மேல் ஏறிப் போயிருக்கிறார்கள். அந்தத் தலை இப்போது லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்.

சூடானில் 200-க்கும் மேற்பட்ட பிரமிடுகள் இருக்கின்றன, எண்ணிக்கையில் எகிப்தைவிட அதிகம். மெரோயேயில் பலவற்றுக்கு உச்சி இல்லை. 1834-ல் ஃபெர்லினி என்ற இத்தாலிய மருத்துவர் புதையல் தேடி இடித்துத் தள்ளினார். அரசி அமானிஷாகெட்டோவின் தங்க நகைகள் கிடைத்தன. அவை இன்று பெர்லினிலும் மியூனிக்கிலும் இருக்கின்றன.

இனி, நம் காலம். அஸ்வான் உயர் அணைக்காக அபு சிம்பெல் கோயிலை அறுத்து மேலே ஏற்றிய சாதனையை எல்லோரும் பேசுவோம். இரண்டாம் ராம்செஸ் நூபிய மண்ணில் தன் வெற்றியைக் காட்டக் கட்டிய கோயில் அது. அதே தண்ணீரில் நூபியர்களின் ஊர்கள் அப்படியே முழுகின. எகிப்து, சூடான் இரண்டு நாட்டிலுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பெயர்க்கப்பட்டார்கள். சூடானின் வாடி ஹல்ஃபா மக்களை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, நைல் கண்ணிலேயே படாத காஷ்ம் எல்-கிர்பாவில் கொண்டுபோய் இறக்கினார்கள். உதவிய நாடுகளுக்கு நன்றியாகக் கோயில்களே பரிசாகப் போயின, டெண்டூர் நியூயார்க்குக்கு, தெபோத் மாட்ரிட்டுக்கு. ஊரை இழந்தவர்களுக்கு? பத்தாண்டுக்குள் பழைய பகுதிகளுக்குத் திரும்ப வழி செய்வதாக எகிப்தின் 2014 அரசியலமைப்பு எழுதிக் கொடுத்தது. கெடு தாண்டிவிட்டது.

2023 ஏப்ரலில் சூடானில் வெடித்த போரில், கார்ட்டூம் தேசிய அருங்காட்சியகம் துணை ராணுவப் படையின் கட்டுப்பாட்டில் இருந்தபோது சூறையாடப்பட்டது. கெர்மா, நபாட்டா, மெரோயே, நூபிய ஊரான ஃபராஸின் கிறிஸ்தவ ஓவியங்கள் என எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்த இடம். 2025 மார்ச்சில் ராணுவம் அந்தப் பகுதியை மீட்டபோது பேழைகள் காலி. பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டபோது உலகம் போட்ட சத்தத்தில் கால்பங்கு கூட இதற்கு எழவில்லை.

அமானிஷாகெட்டோவின் நகையையும் அகஸ்டஸின் தலையையும் சென்னுவியின் சிலையையும் தங்களிடம் வைத்துக்கொண்டிருக்கிற ஊர்களுக்கு இதில் முதல் கடமை இருக்கிறது. காணாமல் போன பொருட்களின் பட்டியல் தயாரிக்கவும், சந்தைக்கு வருவதைத் தடுத்து மீட்கவும், கார்ட்டூம் அருங்காட்சியகத்தைத் திரும்ப எழுப்பவும் அவர்கள்தான் பணமும் ஆட்களும் தரவேண்டும். தங்களிடம் இருப்பதைத் திருப்பித் தருவது பற்றியும் சூடானியரோடு உட்கார்ந்து பேசவேண்டும், போர் முடியட்டும் என்று சாக்குச் சொல்லாமல்.